சாவி யார் கையில்?

போன வாரம் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டேன். "நீங்கள் எந்தக் காரில் லைசென்ஸ் பாஸ் பண்ணினீர்கள்?" காலை ஏழரை மணிக்கு நெரிசலில் மாட்டிக்கொண்டிருப்பவர்களிடம் காரைப் பற்றிக் கேட்டால் போதும். அடுத்த அரைமணி நேரத்துக்கு அறிவிப்பாளருக்கு வேலையே இருக்காது.

கூலாயிலிருந்து ஓர் அண்ணன் அழைத்தார். அவருக்கு வாய்த்தது பழைய புரோட்டோன் சாகா. ஏர்கோன் வேலை செய்யாதாம். கண்ணாடியை இறக்கிவிட்டால் மறுபடி ஏற்ற இரண்டு பேர் வேண்டுமாம். சிரம்பான் தங்கை ஒருத்தி, தான் ஓட்டிய விவாவின் நம்பர் பிளேட்டை ஒரு எழுத்துகூடப் பிசகாமல் ஒப்பித்தாள். காதலனின் போன் நம்பர்கூட அவளுக்கு மனப்பாடம் இல்லையாம்! ஆனால் முக்கால்வாசிப் பேர் சொன்னது ஒரே பெயரைத்தான். கஞ்சில்.

ஆச்சரியம் இல்லை. 1994-இல் பெரோடுவா நிறுவனம் வெளியிட்ட முதல் கார் அது. ஆரம்பத்தில் 660 சிசி எஞ்சின். கஞ்சில் என்றால் சருகுமான். பள்ளியில் மலாய்ப் பாடத்தில் நாம் படித்த, முதலைகளை ஏமாற்றி ஆற்றைக் கடக்குமே, அதே சருகுமான்தான். சின்ன உடம்பு. எந்தச் சந்திலும் திரும்பும். பெட்ரோல் அதிகம் குடிக்காது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளுக்கு வேறென்ன வேண்டும்? 2009-இல் உற்பத்தி நிற்கும்வரை, ஒரு தலைமுறையே அதன் கிளட்ச்சை மிதித்துத்தான் பெரியவர்களானது.

இந்தக் கலகலப்புக்கு நடுவே சித்தியவானிலிருந்து ஓர் அக்கா குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். "கஞ்சில்லதான் பாஸ் பண்ணேன் தங்கச்சி. 2003. அதுக்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்ல." பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை. வாசித்துவிட்டுப் பாடலைப் போட்டேன். அந்தப் பாடல் முடிவதற்குள் அதே மாதிரி ஆறு செய்திகள் வந்துவிட்டன. "எனக்கும் அப்படித்தான்." "லைசென்ஸ் மட்டும் தவறாமப் புதுப்பிக்கிறேன்." "அவர் குடுக்க மாட்டார்." எல்லாமே பெண்கள். எல்லாவற்றிலும் அந்தச் சிரிப்புப் பொம்மை.

எனக்கு அந்தப் பொம்மையை நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு லைசென்ஸ் இருந்தது.

நான் ஓட்டக் கற்றது தெலுக் இந்தானில். எஸ்பிஎம் தேர்வு முடிந்த 2007 டிசம்பர். எங்கள் வட்டாரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தோசைக்கல் மாதிரி தட்டையான ஊர். மேடு என்று ஒன்று இருந்தால், அது லைசென்ஸ் தேர்வுக்காகத் திடலில் கட்டி வைத்திருந்த 'புக்கிட்' மட்டும்தான். அதில் ஏறி, மஞ்சள் கோட்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கார் பின்னால் உருளாமல் மறுபடி கிளம்ப வேண்டும்.

எனக்குக் கிடைத்தது வெள்ளை நிறக் கஞ்சில். நான் குள்ளம் என்பதால் முதுகுக்கு ஒரு தலையணை. பக்கத்தில் வாத்தியாருக்குத் தனியாக ஒரு பிரேக். அவர் சத்தமே போட மாட்டார். "தூங்குற பிள்ளை தலைக்கு அடியில இருந்து கையை எடுப்போமில்ல, கிளட்ச்ச அப்படி விடணும்மா" என்பார். இன்றுவரை எனக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

தேர்வு நாளில் எல்லாரும் ஜேபிஜே அதிகாரியைப் பார்த்துத்தான் நடுங்குவார்கள். எனக்கு நினைவில் நிற்பது வேறொன்று. சாலையில் ஓட்டும்போதுதான் அதிகாரி பக்கத்தில் உட்காருவார். திடலுக்குள் புக்கிட், பார்க்கிங், மூன்று முனைத் திருப்பம் எல்லாம் நாம் தனியாகத்தான் செய்ய வேண்டும். கதவைச் சாத்தினேன். பக்கத்து இருக்கை காலி. பதினேழு வயதுவரை நான் ஒரு காருக்குள் தனியாக இருந்ததே கிடையாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அது என் முடிவு. பயத்தையும் மீறி ஒரு சந்தோஷம் வந்தது.

பாஸ் ஆனேன். கொட்டகையில் மைலோ போத்தலோடு காத்திருந்த அம்மாவிடம் ஓடிப்போய் அதைத்தான் முதலில் சொன்னேன். "உள்ள நான் மட்டும்தாம்மா!"

அம்மா சிரித்தார். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இறங்கவே மனசு வரல."

அம்மா பாஸ் பண்ணியது 1998-இல். அதுவும் வெள்ளைக் கஞ்சில்தான். அவரிடம் லைசென்ஸ் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் காருக்குள் அவர் தனியாக இருந்தது அந்த ஒரே நாள்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்பா ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. தோட்டத்தில் பிறந்து, லோரி அட்டெண்டனாக வேலைக்குச் சேர்ந்து, பிறகு லோரி ஓட்டுநராகி, ஏழு வருடத் தவணையில் ஒரு சாகா வாங்கியவர். அதில் ஒரு கீறல் விழுந்தால் அவர் தோலில் விழுந்த மாதிரி. அம்மா லைசென்ஸ் எடுத்த மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போக அவர் கையில் சாவியைக் கொடுத்திருக்கிறார். வீட்டு வாசலில் ஆரம்பித்தது, "பிரேக்கு! பிரேக்கு!" சந்தை வரைக்கும் நிற்கவில்லை. சந்தை வாசலில் அம்மா இறங்கிச் சாவியை நீட்டிவிட்டார். திரும்பி வரும்போது அப்பா ஓட்டினார். அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை, யாரும் யாரையும் தடுக்கவில்லை. வருடா வருடம் அஞ்சலகத்தில் அப்பாவின் லைசென்ஸோடு அம்மாவுடையதையும் 30 வெள்ளி கட்டிப் புதுப்பித்தார்கள். நிழற்படத்தில் அம்மாவுக்கு வயது கூடிக்கொண்டே போனது.

2010-இல் நான் கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குத் தாப்பாவிலிருந்து மாமா அம்மாவை அழைத்திருக்கிறார். "அம்மாவுக்கு முடியலக்கா. உன்னைக் கேக்குறாங்க." அப்பா அன்றைக்குக் கம்பெனி லோரியோடு ஜொகூரில் இருந்தார். கடைசிப் பேருந்து போய்விட்டது. தெரிந்த இரண்டு டாக்சிக்காரர்களும் அந்த நேரத்தில் வரவில்லை. தாப்பா எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரம்தான்.

வாசலில் சாகா நின்றது. ஆணியில் சாவி தொங்கியது. பன்னிரண்டு வருடமாகப் புதுப்பித்த லைசென்ஸ் கைப்பையில் இருந்தது. அம்மா காரில் ஏறி உட்கார்ந்து, எஞ்சினைக்கூட முடுக்கியிருக்கிறார். கேட்டைத் தாண்டி இருட்டைப் பார்த்ததும் கால் நடுங்கி அணைத்துவிட்டார். விடிகாலை முதல் பேருந்தில் போய்ச் சேர்ந்தபோது பாட்டி இல்லை.

துக்க வீட்டில் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "சாவி கையிலதாம்மா இருந்துச்சு."

இது நடந்து பதினாறாம் நாள் கருமாதி முடிந்த மறுநாள், அப்பா யாரிடமும் சொல்லாமல் பயிற்சிப் பள்ளிக்குப் போனார். பத்து மணி நேர மறுபயிற்சிக்குப் பணம் கட்டி, ரசீதைச் சாமி மேடையில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அம்மாவுக்கு வந்தது மறுபடியும் ஒரு கஞ்சில். அதன் உற்பத்தி நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. "எனக்கும் அதுக்கும் ஒரே வயசு" என்பார் அம்மா.

அதன்பிறகு அம்மா முதலில் ஓட்டிப்போனது தாப்பாவுக்கு. பக்கத்தில் அப்பா. சாய்ந்த கோபுரம் தாண்டும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லையாம். ஆனால் வாயையும் திறக்கவில்லை.

இதை எழுதுவதற்குக் காரணம் அந்த ஏழு குறுஞ்செய்திகள்தான். அவர்கள் யாரும் ஓட்டத் தெரியாதவர்கள் இல்லை. 50 கேள்விகளில் குறைந்தது 42-க்குச் சரியாகப் பதில் சொன்னவர்கள். பானட்டைத் திறந்து எண்ணெய், தண்ணீர், பேட்டரி என்று மலாயில் ஒப்பித்தவர்கள். இன்றைக்கு நம் பிள்ளைகளில் பலர் ஆட்டோ லைசென்ஸ் எடுக்கிறார்கள். இந்த அக்காமார்கள் கியர் மாற்றி, கிளட்ச் மிதித்து, புக்கிட்டில் நின்று கிளம்பியவர்கள். கையில் இருக்கும் 'டி' லைசென்ஸில் மேனுவல், ஆட்டோ இரண்டையும் ஓட்டலாம். வீட்டில் நிற்பது மைவியோ அக்ஸியாவோ ஆட்டோவாக இருந்தால், வேலை பாதிதான்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் சில விஷயங்களைப் பாருங்கள். முதலில், லைசென்ஸ் காலாவதியாகிவிட்டதா? மூன்று வருடத்துக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டால் மறுபடி தேர்வுக்கு உட்கார வேண்டி வரும். அதற்குள் என்றால் பணம் கட்டிப் புதுப்பித்துவிடலாம். இரண்டாவது, காப்புறுதி. பாலிசியில் பெயர் இல்லாதவர் ஓட்டும்போது விபத்து நடந்து இழப்பீடு கேட்டால், பொதுவாக முதல் 400 வெள்ளியை நாமே ஏற்க வேண்டும். அடுத்த முறை காப்புறுதி எடுக்கும்போது அவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது, கணவரோ பிள்ளைகளோ சொல்லிக்கொடுத்தால் சண்டையில்தான் முடியும் என்று தோன்றினால், பயிற்சிப் பள்ளிகளில் லைசென்ஸ் உள்ளவர்களுக்கு மணிக்கணக்கில் மறுபயிற்சி தருகிறார்கள். வாத்தியாரின் பிரேக் அவர் காலடியில் இருக்கும். அதனால் அவர் கத்தமாட்டார்.

நான்காவது, பக்கத்தில் உட்காருகிறவருக்கு. பார்க்கிங்கில் ஒரு தடவைக்கு மூன்று தடவை முன்னும் பின்னும் போனால் போகட்டும். பின்னால் ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும். பம்பரில் ஒரு கீறல் விழுந்தால் பட்டறையில் சரிசெய்துவிடலாம். சந்தை வரைக்கும் 'பிரேக்கு' என்ற வார்த்தை மட்டும் வேண்டாம். நாலைந்து வாரம் கழித்து நீங்கள் வீட்டிலேயே இருங்கள். அவர் தனியாகப் போய் ரொட்டி வாங்கிவரட்டும். அந்தக் காலி இருக்கை ரொம்ப முக்கியம்.

அம்மாவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. அப்பாவை மாதாந்திரப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது அவர்தான். சாவியைக் கைப்பையில் லைசென்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். அப்பாவுக்கு வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

சித்தியவான் அக்கா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்துச் சாலை காலியாகத்தான் இருக்கும்.