மடலுக்குப் படியளப்பவர் யார்?

மின்னஞ்சலில் செய்திமடல் படிக்கிறவர்களுக்கு அந்தப் பெட்டி பழக்கமானது. எழுதியவர் வணக்கம் சொல்லி இரண்டு பத்தி நகர்ந்திருப்பார். கீழே மெல்லிய கோடு. ‘இந்த வார மடலை வழங்குவோர்’ என்று ஒரு நிறுவனத்தின் பெயர், சின்னம், நூறு சொற்களுக்குள் அதன் அருமை பெருமை, முதல் மாதம் இலவசம் என்றொரு சலுகைக் குறியீடு. சுட்டியைத் தொட்டால் திறக்கும் இணைய முகவரியின் வாலில் மடலின் பெயர் ஒட்டியிருக்கும். இங்கிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று நிறுவனம் அதை வைத்து எண்ணிக்கொள்ளும். மறுபடி ஒரு கோடு, கட்டுரை தொடரும்.

பத்திரிகை வேலையை விட்டுவிட்டுத் தனியாக எழுதிப் பிழைக்கும் பலருக்கு வீட்டு வாடகை கொடுப்பது அந்தப் பெட்டிதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாளிதழ்களும் வார இதழ்களும் காலங்காலமாக விளம்பரத்தில்தான் ஓடுகின்றன. ஆனால் நாளிதழில் விளம்பரம் பிடிப்பவர் ஒருவர், செய்தி எழுதுபவர் இன்னொருவர். இருவரும் மாடிப்படியில் பார்த்துக்கொண்டால் உண்டு. செய்திமடலில் இரண்டும் ஒரே ஆள். காலையில் விளம்பரதாரரிடம் பேரம் பேசும் அதே வாய் மாலையில் அவருடைய தொழிலைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதில் பெரும்பணம் புரள்வது உண்மை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அலெக்ஸ் லீபர்மேன், ஆஸ்டின் ரீஃப் என்ற இரு மாணவர்கள் 2015இல் தொடங்கிய ‘மார்னிங் புரூ’ ஓர் இலவச மடல். வருமானம் விளம்பரதாரர்களிடமிருந்து வந்தது. 2020இல் பிசினஸ் இன்சைடர் நிறுவனம் அதன் பெரும்பங்கை வாங்கியபோது மதிப்பு ஏறக்குறைய 7.5 கோடி டாலர் என்று செய்தி வந்தது. அடுத்த ஆண்டே ‘தி ஹசில்’ என்ற இன்னொரு மடலை ஹப்ஸ்பாட் என்ற மென்பொருள் நிறுவனம் வாங்கியது. இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டுத்தான் ஆயிரக்கணக்கானோர் மடல் எழுத உட்கார்ந்தார்கள்.

அவர்களில் பலர் போடாத கணக்கு ஒன்று உண்டு. மடல் விளம்பரத்துக்கு ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்பதுதான் பழைய கணக்கு. ஆயிரத்துக்கு 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 5,000 சந்தாதாரர்களில் 40 விழுக்காட்டினர் மடலைத் திறந்தால் 2,000 பேர். ஒரு மடலுக்கு 60 டாலர், வாரம் ஒரு மடல் என்றால் மாதம் 240. அதே 5,000 பேரில் நூற்றுக்கு மூவர் மாதம் 5 டாலர் கட்டினால் 750 டாலர் வரும். மடல்களை அனுப்பிச் சந்தா வசூலித்துத் தரும் சப்ஸ்டாக் தளம் எடுக்கும் 10 விழுக்காடும் அட்டைக் கட்டணமும் போக 600 டாலராவது கையில் நிற்கும். சிறிய மடலுக்குச் சந்தாவே லாபம். இரண்டு லட்சம் பேருக்கு வேலைநாள்தோறும் மடல் போகிறதென்றால் கணக்கு தலைகீழ். அதே விலையில் ஒரு பெட்டி நாளுக்கு 2,400 டாலர் கொண்டுவரும். ஆக, விளம்பர வழி அகலமாகவும் அடிக்கடியும் எழுதச் சொல்கிறது, சந்தா வழி ஆழமாக எழுதச் சொல்கிறது. அறுவை சிகிச்சை நிபுணர்களோ சிப் வடிவமைப்பாளர்களோ மட்டும் படிக்கும் மடல்கள் விதிவிலக்கு. அங்கே மூவாயிரம் பேர் இருந்தாலும் மொத்தமாக ஒரு தொகை பேசலாம்.

இந்தக் கணக்கின் அடித்தளத்தையே ஆப்பிள் நிறுவனம் 2021 செப்டம்பரில் அசைத்துவிட்டது. மடலைத் திறந்தார்களா என்று கண்டுபிடிக்க, கண்ணுக்குத் தெரியாத சின்னப் படம் ஒன்றை உள்ளே ஒளித்துவைப்பது வழக்கம். படம் இறங்கினால் மடல் திறக்கப்பட்டதாகக் கணக்கு. வாசகரின் அந்தரங்கத்தைக் காக்க, ஆப்பிளின் அஞ்சல் செயலி இந்தப் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவைக்கத் தொடங்கியது. யாரும் தொடாத மடலும் திறந்ததாகக் காட்டியது. விளம்பரதாரர்கள் உஷாராகி, சுட்டியைத் தொட்டவர்களுக்கு மட்டும்தான் காசு என்று பேசத் தொடங்கினார்கள். அதிலும் ஓட்டை. அலுவலக அஞ்சல்களைக் காக்கும் மென்பொருள்கள், வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க எல்லாச் சுட்டிகளையும் தாங்களே ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுகின்றன. இயந்திரம் தொட்டதற்கும் மனிதர் தொட்டதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது இப்போது தனித் தொழிலாகிவிட்டது.

எண்ணிக்கையை நம்ப முடியாதபோது விளம்பரதாரர் எதை வாங்குகிறார்? எழுத்தாளரின் குரலை. நிறுவனம் எழுதித் தந்த வரிகளைவிட, ‘நானே இதைப் பயன்படுத்துகிறேன்’ என்று எழுத்தாளர் சொல்லும் வரிக்கு விலை அதிகம். இதன் எல்லைவரை போனவர் பேக்கி மெக்கார்மிக். ‘நாட் போரிங்’ என்ற மடலை நடத்தும் இவர், ஒரு நிறுவனத்திடம் பணம் வாங்கிக்கொண்டு அதைப் பற்றி நீண்ட கட்டுரையே எழுதுகிறார். பணம் வாங்கி எழுதியது என்று அறிவித்தும் விடுகிறார். தனியாக ஒரு முதலீட்டு நிதியும் நடத்துகிறார். ஒளிவுமறைவு இல்லை, அது பாராட்டத்தக்கதே. ஆனாலும் காசு கொடுத்த நிறுவனத்தைப் பற்றி ஐயாயிரம் சொல் எழுதுகிறவர், அந்த நிறுவனம் தேறாது என்று முடிக்கப்போவதில்லை. அறிவிப்பு வாசகரை எச்சரிக்கும், கட்டுரையை நேராக்காது.

அறிவிப்பு இல்லாமல் உள்ளே நுழையும் சலுகைதான் இன்னும் மோசம். வாஷிங்டனில் அதிகார வட்டாரமே காலையில் படிக்கும் மடலாக இருந்தது ‘பொலிட்டிகோ’ என்ற அரசியல் செய்தி நிறுவனத்தின் ‘பிளேபுக்’. அதை எழுதியவர் மைக் ஆலன். காசு கொடுத்து விளம்பரம் போட்டவர்களைப் பற்றி மடலின் செய்திப் பகுதியிலும் சாதகமான வரிகள் வருகின்றன என்று 2013இல் ‘வாஷிங்டன் போஸ்ட்’டின் எரிக் வெம்பிள் எடுத்துக்காட்டுகளோடு எழுதினார். பொலிட்டிகோ மறுத்தது. யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். விளம்பரமும் செய்தியும் ஒரே கையெழுத்தில் வரும்போது இந்தச் சந்தேகத்தை யாராலும் முழுதாகத் துடைக்க முடியாது.

விளம்பரம் தரும் இந்தச் சிக்கலைக் காந்தி நூறாண்டுக்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டவர். தென்னாப்பிரிக்காவில் 1903இல் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் ஆரம்பத்தில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. விளம்பரங்களும் இருந்தன. 1912இல் விளம்பரமே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். தென்னாப்பிரிக்க சத்தியாகிரகம் பற்றிய தம் நூலில் காந்தி காரணம் சொல்கிறார்: ஆட்சேபத்துக்குரிய விளம்பரத்தை மறுக்க நினைத்தாலும், கொடுத்தவர் சமூகத்தில் பெரிய மனிதர் என்றால் மறுக்க முடிவதில்லை, விளம்பரம் கேட்டு அலைவதும், பாக்கி வசூலிப்பதும், முகஸ்துதி செய்வதும் வேறு. இன்றைய மடல் எழுத்தாளர் எவரிடமும் கேட்டுப் பாருங்கள், பாக்கி வசூல் உட்பட இதே பட்டியலை ஒப்பிப்பார்.

சந்தாவை மட்டும் நம்பி ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அமெரிக்கப் பத்திரிகையாளர் ஐ. எஃப். ஸ்டோன் சாட்சி. வேலை பார்த்த இடதுசாரி நாளிதழ்கள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு, கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த மெக்கார்த்தி காலத்து அமெரிக்காவில் இவருக்கு வேலை கொடுக்க ஆளில்லை. 1953 ஜனவரியில் வாஷிங்டனிலிருந்து நான்கு பக்க வார மடல் ஒன்றைத் தொடங்கினார். ஆண்டுச் சந்தா 5 டாலர், தொடக்கத்தில் சந்தாதாரர்கள் 5,300 பேர். ஐன்ஸ்டைன் அவர்களில் ஒருவர். விளம்பரம் கிடையாது. மனைவி எஸ்தர் சந்தாக் கணக்கையும் அனுப்புகிற வேலையையும் பார்த்துக்கொண்டார். 1964இல், வியட்நாம் போரை விரிவாக்கக் காரணமான டோன்கின் வளைகுடாச் சம்பவம் குறித்து அரசு சொன்னதைப் பெரிய பத்திரிகைகள் அப்படியே அச்சிட்டபோது, ஸ்டோன் நாடாளுமன்றப் பதிவுகளைப் புரட்டிக் கேள்வி கேட்டார். 1971இல் மடலை நிறுத்தியபோது சுமார் 70,000 பேர் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் ஸ்டோன் ஆக முடியாது என்பது சரி. நடுவழி ஒன்றை இப்போது சிலர் கண்டுபிடித்திருக்கிறார்கள். மென்பொருள் துறை பற்றி எழுதும் கெர்கெலி ஓரோஸ் மடலில் விளம்பரம் போடுவதில்லை, அதற்குச் சந்தா. அவருடைய பாட்காஸ்டுக்கு மட்டும் விளம்பரதாரர்கள் உண்டு. இன்னொரு மடல் எழுத்தாளரான லென்னி ராசிட்ஸ்கியும் மடலுக்குச் சந்தா, பேச்சுக்கு விளம்பரம் என்றே பிரித்து வைத்திருக்கிறார். எழுத்தையும் பேச்சையும் பிரிப்பதால் எழுத்தின் பக்கம் கை கொஞ்சம் சுதந்திரமாக இருக்கிறது.

இந்தியாவில் வசதி குறைவு. சப்ஸ்டாக் சந்தாப் பணம் ஸ்ட்ரைப் என்ற இணையப் பணப் பரிமாற்ற நிறுவனம் வழியாகத்தான் எழுத்தாளருக்கு வந்து சேரும். அந்த ஸ்ட்ரைப், 2024 முதல் இந்தியாவில் அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டுமே கணக்குத் திறக்கிறது. மாதாமாதம் அட்டையில் தானாகப் பிடித்தம் செய்வதற்கும் ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து கட்டுப்பாடுகளை இறுக்கியது. சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து மடல் எழுதுகிறவருக்கு, வாசகரிடம் காசு வாங்குவதைவிட ஒரு நிறுவனத்திடம் வாங்குவது சுலபமாக இருக்கிறது. சிலர் தாங்களே விளம்பரதாரராகிவிட்டார்கள். பொருளாதாரச் செய்திகளை எளிமையாகச் சொல்லும் ‘ஃபின்ஷாட்ஸ்’ இலவசம். அதை நடத்துகிறவர்களே ‘டிட்டோ’ என்ற காப்பீட்டு ஆலோசனை நிறுவனத்தையும் நடத்துகிறார்கள், கட்டுரையோடு அதற்கான அழைப்பும் வருகிறது. காப்பீட்டுத் துறையைப் பற்றிய அவர்களுடைய கட்டுரையை வாசகர் அந்த நினைவோடு படிப்பது நல்லது.

சட்டம் கொஞ்சம் உதவுகிறது. பணமோ பொருளோ பெற்றுப் பரிந்துரைத்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் துணைபோனால் 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் சட்டம் கேட்பது ஓர் அறிவிப்பு வரியை மட்டுமே. ஓர் எழுத்தாளரின் ஆண்டு வருமானத்தில் பாதி ஒரே நிறுவனத்திடமிருந்து வருகிறதா, அந்த நிறுவனத்தைப் பற்றி எழுத வேண்டிய செய்தி எழுதப்படாமல் போனதா என்பதெல்லாம் அதன் கண்ணில் படாது. எழுதப்படாத கட்டுரைக்கு யார் வழக்குத் தொடுப்பது?

எனவே மடல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளம்பரம் வாங்குங்கள், நாலைந்து பேரிடம் சிறுசிறு தொகையாக வாங்குங்கள். நீங்கள் எந்தத் துறையைப் பற்றி எழுதுகிறீர்களோ அந்தத் துறை நிறுவனத்திடம் மட்டும் வேண்டாம். விலைப்பட்டியலை யாரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, யார் யாரிடம் வாங்கினீர்கள், மொத்த வருமானத்தில் அது எத்தனை விழுக்காடு என்று ஒரு மடல் எழுதிவிடுங்கள். எப்படியும் வருமான வரித் துறைக்காக அந்தக் கணக்கை எழுதத்தான் போகிறீர்கள்; அதில் ஒரு பிரதியை வாசகருக்கும் அனுப்புங்கள்.