படிக்கட்டின் அடியில்

நம் பள்ளியின் புதிய கட்டடத்திற்கு வரைபடம் தயாராகி வருவதை யாவரும் அறிவோம். பெற்றோர் கூட்டத்தில் அதை விரித்துக் காட்டியபோது, மாணவியர் சார்பில் நாங்களும் பின்வரிசையில் அமர்ந்திருந்தோம். படிக்கட்டைச் சுற்றிலும் சுவர்; மாடிதோறும் தானே சாத்திக்கொள்ளும் கதவு; போதாததற்கு உள்ளே ஸ்பிரிங்க்ளர் என்னும் நீர்த்தெளிப்பான்கள். "கான்கிரீட் படி எங்கேயாவது எரியுமா? அதற்கு எதற்குத் தண்ணீர்?" என்று ஒரு தந்தையார் கேட்டார். எல்லாரும் சிரித்தனர். கேள்வி நியாயமானதே. ஆயினும் அந்தச் செலவைக் குறைக்கலாகாது என்பது எங்கள் கருத்து.

1958 டிசம்பர் 1, திங்கட்கிழமை. அமெரிக்காவில் சிகாகோ நகரின் 'அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்' பள்ளி. நம் வழக்கில் சம்மனசுகளின் மாதா பள்ளி என்போம். பள்ளி விடச் சிறிது நேரமே இருந்தது. வடகிழக்குப் படிக்கட்டின் அடியில், குப்பை போட்டு வைத்த அட்டைப் பீப்பாய் ஒன்றில் தீப்பற்றியது. வெகுநேரம் எவரும் காணவில்லை. மரப்படிகள், படிக்கட்டே புகைபோக்கி ஆயிற்று. கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்குக் கதவு இருந்தது, சாத்தியும் இருந்தது. அங்கிருந்த பிள்ளைகள் தப்பினர். மேல்தளத்திலோ கதவே இல்லை. நடைவழியைப் புகை அடைத்துக்கொள்ள, சன்னலைத் தவிர வேறு வழியில்லாமற் போயிற்று. 92 பிள்ளைகளும் 3 கன்னியரும் மாண்டனர்.

அந்தப் பள்ளி சட்டத்தை மீறவில்லை என்பதுதான் எங்களை மிகவும் உறுத்துகிறது. சில வாரங்களுக்கு முன்புதான் தீயணைப்புத் துறையின் சோதனையில் தேறியிருந்தது. 1949-இல் வந்த கடுமையான விதிகள் புதிய கட்டடங்களுக்கு மட்டுமே என்று விட்டிருந்தார்கள். மீண்டும் கட்டி 1960-இல் திறந்தபோது நீர்த்தெளிப்பான்களோடு திறந்தனர்.

இனி அந்தத் தந்தையாரின் கேள்விக்கு வருவோம். தெளிப்பானின் வாயில் சிறு கண்ணாடிக் குமிழ் இருக்கும். சாதாரணமாகப் பொருத்தும் வகையில், சுமார் 68 டிகிரி வெப்பத்தில் அது உடைந்து நீர் பீறிடும். வெறும் புகைக்கு உடையாது. சினிமாவில் காட்டுவதுபோல் எல்லாம் ஒருசேரக் கொட்டுவதுமில்லை. சூடேறியது மட்டுமே திறக்கும். எரியாத பொருளால் கட்டிச் சுவரால் அடைத்த படிக்கட்டுக்கு, அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 13-ஆம் விதித்தொகுப்பு இரண்டு இடங்களையே முக்கியமாகக் குறிக்கிறது: உச்சியில் ஒன்று, அடியிலிருந்து முதல் திருப்பத்தின் கீழே ஒன்று. வெப்பம் சென்று தேங்குவது உச்சியில். அடியில் எதற்கு? படி எரியாது என்பது விதி எழுதியவர்களுக்கும் தெரியும். படிக்கு அடியில் மனிதர் எதையாவது கொண்டுபோய் வைப்பர் என்பதும் தெரியும்!

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-இல் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்தவர்கள் நாம். அங்கே பற்றியது கீற்றுக்கூரை. ஆனால் பிள்ளைகள் இறங்குவதற்கு இருந்ததும் ஒரு குறுகிய படிக்கட்டே.

புதிய கட்டடம் எழும்பும்வரை பழையதில்தானே படிக்கப்போகிறோம்? எங்கள் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். கிழக்குப் படிக்கட்டின் கீழே கிடக்கும் நாடகத் தட்டிகள், பழைய திரைச்சீலைகள், விடைத்தாள் கட்டுகள் ஆகியவற்றில் பாதி நாங்கள் வைத்தவை. மாடிக் கதவு சாத்தாமலிருக்க முட்டுக்கொடுத்த செங்கல்லும் எங்கள் வகுப்புத் தோழியர் கொண்டுவந்ததே. செங்கல்லை எடுத்துவிட்டோம். தட்டிகளை வைக்க வேறோர் அறை கேட்டுத் தலைமைச் சகோதரியிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். விளையாட்டுச் சாமான் அறையில் பாதியை ஒழித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.