வரி கட்டுகிறோம், கணக்குக் கேட்கிறோமா?

பால் நிறுக்கும் இடத்தில் நம்மவர்களைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரியும். தராசு முள் கொஞ்சம் அசைந்தால் போதும், "கிராணி ஐயா, இன்னொரு வாட்டி நிறுங்க" என்று கேட்காமல் விடமாட்டார்கள். டி.ஆர்.சி. குறைந்தால் ஏன் குறைந்தது என்று கேட்பார்கள். செம்பனையில் குலை வெட்டுகிறவரும் அப்படித்தான். வெட்டிப் போட்ட குலை எத்தனை, புத்தகத்தில் ஏறிய குலை எத்தனை என்று மனத்திலேயே கணக்கு வைத்திருப்பார். சம்பளச் சீட்டில் ஐந்து வெள்ளி குறைந்தால் அன்றிரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது.

இப்படிக் கறாராகக் கணக்குப் பார்க்கும் நாம் ஓரிடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம். அதுதான் ஊராட்சி மன்றம்!

தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான்களிலும் மலிவுவிலை வீடுகளிலும் குடியேறிய நம் குடும்பங்கள் ஏராளம். லயத்தில் இருந்தவரை நமக்குத் தெரியாத ஒரு பில், புது வீட்டுக்கு வந்ததும் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. அதுதான் மதிப்பீட்டு வரி. பிப்ரவரிக்குள் ஒரு தவணை, ஆகஸ்டுக்குள் ஒரு தவணை. கைமாற்று வாங்கியாவது கட்டிவிடுகிறோம். ஆனால் குப்பை லாரி வராமல் நாறுகிறது, கால்வாய் அடைத்துக் கொசு மொய்க்கிறது, தெரு விளக்கு மாதக்கணக்கில் எரியவில்லை என்றால் என்ன செய்கிறோம்? "நமக்கேன் வம்பு? அவங்க பெரிய எடம். கேட்டா பேரை எழுதி வச்சுக்குவாங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஒரு காலத்தில் இந்நாட்டில் ஊராட்சி மன்றத்துக்குத் தேர்தல் இருந்தது. மன்ற உறுப்பினர் நம் ஓட்டைக் கேட்டு வாசலுக்கு வந்தார். 1965ஆம் ஆண்டு அத்தேர்தல் நிறுத்தி வைக்கப்பட்டது. ஊராட்சி மன்றங்களை ஆராய அதே ஆண்டு அமைக்கப்பட்ட அரச விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களே வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அன்று முதல் மன்ற உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசுதான்.

ஓட்டுப் போயிற்று. ஆனால் கேட்கும் உரிமையும் போய்விட்டதா? இல்லை. தீபகற்பத்தில் இன்றும் நடைமுறையில் இருக்கும் அந்த 1976ஆம் ஆண்டுச் சட்டத்தையே எடுத்துப் பாருங்கள்.

அதன் 23ஆம் பிரிவு, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. மன்றமே தீர்மானம் போட்டுக் கதவை மூடினால்தான் போக முடியாது. குழுக் கூட்டங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. கூட்டக் குறிப்புகளை வரி செலுத்துபவர் பார்வையிடவும் சட்டம் இடம் தருகிறது. எந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பது அந்தக் குறிப்புகளில்தான் இருக்கும். நம்மில் எத்தனை பேர் அதைப் போய்ப் பார்த்திருக்கிறோம்?

அடுத்து நம் வீட்டு வரி. அது எப்படி வருகிறது? உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மன்றம் மதிப்புப் போடுகிறது. மாதம் 300 வெள்ளி என்றால் ஆண்டு மதிப்பு 3,600 வெள்ளி. வரி விகிதம் 6 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 216 வெள்ளி, தவணைக்கு 108 வெள்ளி. அதே வீட்டை 400 வெள்ளி வாடகை பெறும் என்று மதிப்பிட்டால் வரி 288 வெள்ளியாகிவிடும். விகிதம் ஏறாமலே வரி ஏறும் விதம் இதுதான். ஆண்டு மதிப்பின்மேல் போடும் விகிதம் 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற உச்சவரம்பும் சட்டத்தில் உண்டு.

புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாரானதும் மன்றம் அறிவிக்க வேண்டும். வீட்டுக்காரரோ குடியிருப்பவரோ அதைக் காசு கொடுக்காமல் பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொள்ளலாம். மதிப்பு அதிகம் என்று தோன்றினால், மறு ஆய்வுக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பே எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். மன்றத்தின் முடிவு திருப்தி இல்லையென்றால் உயர் நீதிமன்றம் வரை போகலாம். இதில் நம்மவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. தன் வீட்டுக்கு மதிப்பு கூடிவிட்டது என்று மட்டுமல்ல, வேறொரு சொத்துக்கு மதிப்பு குறைத்துப் போடப்பட்டிருக்கிறது, பட்டியலிலேயே சேர்க்கப்படவில்லை என்றும் ஆட்சேபிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஏழையின் மலிவு வீட்டுக்கு முழு மதிப்பு, பெரிய முதலாளியின் கட்டடத்துக்கு அரை மதிப்பு என்ற அநியாயம் எங்காவது நடந்தால் அதைச் சுட்டிக்காட்டவும் வழி உண்டு என்பது இதன் பொருள்.

மன்றத்தின் வரவு செலவைத் தணிக்கை செய்வது தேசியத் தலைமைக் கணக்காய்வாளர், அல்லது அவர் ஆலோசனைப்படி மாநில அரசு நியமிக்கும் கணக்காய்வாளர். மாநிலம் பற்றிய தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் விதி. ஆகவே நம் ஊர் மன்றத்தைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று ஓட்டுக் கேட்டு வந்த சட்டமன்ற உறுப்பினரை நாம் கேட்கலாம். பினாங்கிலும், 2011ஆம் ஆண்டு சிலாங்கூரிலும் தகவல் பெறும் உரிமைச் சட்டங்கள் நிறைவேறின. அங்கே இருப்பவர்கள் மன்றத்திடம் மனுப் போட்டுத் தகவல் கோரலாம்.

இது போதுமா? போதாது என்பதே நம் கருத்து. நமக்கு இந்த மன்ற முறையைக் கற்றுக் கொடுத்த இங்கிலாந்தில், ஆண்டுதோறும் 30 வேலை நாட்களுக்கு மன்றத்தின் கணக்கு, ஒப்பந்தம், ரசீது எல்லாம் பார்வைக்குத் திறந்து வைக்கப்படுகின்றன. அந்த ஊர் வாக்காளர் நேரே கணக்காய்வாளரிடமே ஆட்சேபம் சொல்லலாம். அத்தகைய உரிமை இங்கும் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

"படிச்சவங்க செய்ற வேலை இதெல்லாம்" என்று யாரும் ஒதுங்க வேண்டாம். இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில் 1994ஆம் ஆண்டு கணக்குக் கேட்கக் கிளம்பியவர்கள் யார்? மண் சுமந்த கூலிக்காரர்கள்! நம் செக்ரோல் மாதிரியான கூலிப் பதிவேட்டை ஊர்ப் பொதுவில் உரக்க வாசிக்கச் செய்தார்கள். வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்தது அம்பலமானது. அங்கே மூண்ட நெருப்புத்தான் 2005ஆம் ஆண்டு நாடு முழுமைக்குமான தகவல் உரிமைச் சட்டத்துக்கு வழி திறந்தது.

இன்னும் லயத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்துக்குள் குடிநீர், மின்சாரம், வீட்டுப் பராமரிப்பு ஆகியவை நிர்வாகத்தின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் சொல்கிறது. "மன்றத்தைப் போய்க் கேள்" என்று நிர்வாகமும், "தோட்டத்தைப் போய்க் கேள்" என்று மன்றமும் கைகாட்டினால் ஏமாந்துவிடாதீர்கள். யார் பொறுப்பு என்பதை இருவரிடமும் எழுத்தில் கேளுங்கள்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. தனியாகப் போகாதீர்கள். பத்து வீட்டுக்காரர் சேர்ந்து, பெண்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். "எல்லாக் கணக்கையும் காட்டு" என்று சத்தம் போடுவதால் பயனில்லை. "எங்கள் தெருக் கால்வாய்க்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள், வேலை முடிந்ததா?" என்று ஒன்றை மட்டும் கேளுங்கள். மலாயில் கடிதம் எழுத வீட்டில் படித்த பிள்ளை இருக்கிறது. நகலில் முத்திரை குத்தி வாங்கி, வரி ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். ஒரு மாதம் பதில் இல்லையென்றால் அதே நகலோடு மறுபடி போங்கள்.

தராசு முன்னால் நின்று "இன்னொரு வாட்டி நிறுங்க" என்று சொல்ல நமக்கு யாரும் சட்டம் சொல்லித் தரவில்லை. அது நம் வியர்வை என்ற எண்ணமே சொல்ல வைத்தது. மன்றத்தில் கிடக்கும் பணமும் அதே வியர்வைதான். வருகிற தவணைக்குப் பில் வரும்போது பணத்தோடு ஒரு கேள்வியையும் எடுத்துக்கொண்டு போவோம்!