முதலில் கிடைத்ததே விடையாகுமா?

அகராதித் தரவை ரூபி மொழியில் கையாளும் ஆய்வாளர், ஒவ்வொரு பதிவையும் ஓர் ஆப்ஜெக்டாக அமைத்து அர்ரேயில் அடுக்குகிறார். தலைச்சொல், சொல்வகை, பொருள், பதிவு எண் ஆகியவை அதன் பண்புகள். தலைச்சொல்லைக் கொண்டு பதிவைத் தேட 'ஃபைண்ட்' என்னும் மெத்தட் உண்டு. ஒரே வரியில் விடை வந்துவிடும். அந்த எளிமைக்குள் ஓர் ஆய்வுப் பிழை ஒளிந்திருக்கிறது.

நிபந்தனைக்குப் பொருந்தும் முதல் ஆப்ஜெக்டைக் கண்டதும் 'ஃபைண்ட்' நின்றுவிடும். 'ஆறு' என்று தேடும்போது நதியைக் குறிக்கும் பெயர்ச்சொல் முன்னே இருந்தால் அதுவே கிடைக்கும். எண்ணுப்பெயரான ஆறும், தணிதலைக் குறிக்கும் வினையான ஆறும் விடுபட்டுப்போகும். பிழைச்செய்தி எதுவும் வராது. வேகம் கருதித் தலைச்சொல்லைச் சாவியாக்கி 'டு_ஹெச்' வழியாக ஹாஷ் அமைப்போர்க்கு நேர்மாறான இழப்பு நேரும்: ஒரே சாவியுடைய பதிவுகளுள் கடைசியானது மட்டுமே எஞ்சும். இரு வழியிலும் சொல்லின் பொருளைத் தீர்மானிப்பது தரவு அடுக்கப்பட்ட வரிசையே.

எதுவும் பொருந்தாதபோது கிடைக்கும் 'நில்' என்னும் வெற்று மதிப்பும் ஐயத்துக்குரியதே. 'கொடி' என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறி, ஆகாரக் குறி என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று; ரூபியின் ஒப்பீட்டுக்கு வேறு. ரூபி 2.2 முதல் உள்ள 'யூனிகோட்_நார்மலைஸ்' கொண்டு முன்னதாகவே இருபுறமும் சீராக்காவிட்டால், அகராதியில் உள்ள சொல்லே இல்லாத சொல்லாகக் கணக்கிடப்படும்.

'ஃபைண்ட்' மெதுவானது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் குறை. 50,000 பதிவுகளுக்குள் 10,000 சொற்களைத் தேடினால் ஒப்பீடுகள் 50 கோடி வரை செல்லலாம் என்பது உண்மைதான். எனினும் மெதுவான நிரல் ஆய்வாளரைக் காத்திருக்க வைப்பதோடு சரி. பதிவுகளை விழுங்கும் நிரல் ஆய்வேட்டின் அட்டவணைகளையே பொய்யாக்கிவிடும்.

'குரூப்_பை' இரு குறைகளையும் தீர்க்கிறது. ஒருமுறை ஹாஷ் அமைத்துவிட்டால், ஒவ்வொரு தலைச்சொல்லின் கீழும் அதற்குரிய பதிவுகள் அனைத்தும் அர்ரேயாக நிற்கும். பதிவு எண்ணைப் போல ஒன்றுக்கு மேல் வர இயலாத பண்புக்கு மட்டுமே 'ஃபைண்ட்' பொருத்தமானது.

எனவே தேடும் மெத்தடைத் தேர்வது நிரல் எழுதுவோரின் வசதியைப் பொறுத்ததன்று. 'இப்பண்பு ஒருமையானது' என்னும் கருதுகோள் அத்தேர்விலேயே அடங்கியிருக்கிறது. ஆய்வேட்டின் முறையியல் இயலில் அக்கருதுகோள் எழுதப்பட வேண்டும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் அதைக் கேட்கவும் வேண்டும்.