ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு

விடிவதற்கு இன்னும் இரண்டு நாழிகை இருக்கிறது. கும்மிடிப்பூண்டி வட்டம், பழவேற்காடு ஏரிக்கரை, சுண்ணாம்புக்குளம். வலையைத் தோளில் சுமந்து படகை நோக்கி நடக்கிறார் ஒரு மீனவர். அவருடைய கைப்பேசி ஒலிக்கிறது. "மீன்வளத்துறை அலுவலகத்திலிருந்து பேசுகிறோம். கடலில் கொந்தளிப்பு. எவரும் நீரில் இறங்க வேண்டாம். உடனே ஊராருக்குச் சொல்லிவிடுங்கள்!" என்கிறது ஒரு குரல்.

அவர் என்ன செய்வார்? நம்புவார். வலையை மணலில் போட்டுவிட்டு ஓடுவார். வீடு வீடாகக் கதவைத் தட்டுவார். உறங்கும் குழந்தையைத் தாய் வாரி எடுப்பாள். முதியவர் தடியைத் தேடித் தடுமாறுவார். படகு தரையில் கிடக்கும். அன்றைய உலை கொதிக்காமலே போகும்.

பதறாதீர்கள், வாசகத் தோழர்களே! இது நடந்த நிகழ்ச்சியன்று. நடந்துவிடக் கூடாதே என்ற கவலையில் நாம் கற்பனை செய்து பார்த்த காட்சி. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்தக் குரலுக்கு உரியவர் அதிகாரியல்லர். குளிரூட்டிய அறையில், ஒலிவாங்கிக்கு முன் அமர்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசிய வேடிக்கைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடியவரின் மூச்சிரைப்பு முழுவதும் பதிவாகிறது. மாலையில் அது ஒலிபரப்பாகிறது. நாடு சிரிக்கிறது. நடுவே இரண்டு விளம்பரங்கள் வருகின்றன. அந்தச் சிரிப்புக்கு விலை கொடுத்தவர் யார்? விலையை வாங்கிக்கொண்டவர் யார்?

'பிராங்க்' என்று இளைஞர் இதற்குப் பெயர் சூட்டியிருக்கின்றனர். பண்பலை வானொலியில் வளர்ந்து, தொலைக்காட்சியில் தவழ்ந்து, இன்று யூடியூபில் கொலுவிருக்கிறது இந்தக் கலை. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்வது, காவல் நிலையத்திலிருந்து மிரட்டுவது, வேலை போயிற்று என்று கலங்க வைப்பது, பிறகு "சும்மா விளையாட்டுக்கு!" என்று சொல்லி நகைப்பது. ஏமாந்தவரும் சிரிக்கிறாரே, அவருக்கே வருத்தமில்லையே என்று வாதிடுவோர் உண்டு. ஊரே கேட்டுக்கொண்டிருக்கும்போது, அவமானத்தை மறைக்க மனிதனுக்குச் சிரிப்பைத் தவிர வேறு போர்வை ஏது? நாணத்தில் பிறந்த சிரிப்பை இசைவு என்று எழுதிக்கொள்வது நேர்மையாகுமா?

விளையாட்டு வினையான கதை ஒன்றை உலகமே அறியும். 2012ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள். இலண்டனில் ஏழாம் எட்வர்ட் மன்னர் பெயர்கொண்ட மருத்துவமனையில், கருவுற்றிருந்த இளவரசி கேத்தரின் கடும் வாந்தி நோயால் படுத்திருந்தார். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து 'டூடே எஃப்.எம்.' என்னும் வானொலியின் அறிவிப்பாளர் இருவர், எலிசபெத் அரசியாகவும் இளவரசர் சார்லஸாகவும் குரல் மாற்றி அந்த மருத்துவமனைக்குப் பேசினர். அங்கே அது விடியற்காலை. தொலைபேசியை எடுத்தவர் ஒரு செவிலியர். நம் அண்டை மாநிலமாகிய கருநாடகத்தின் கடலோரத்தில் பிறந்து, பிழைப்புக்காகக் கடல் கடந்தவர். அவர் செய்த குற்றமென்ன? குரலை நம்பினார், இணைப்பை உள்ளே கொடுத்தார். அவ்வளவே! நோயாளியின் நிலையைச் சொன்னவர் உள்ளே இருந்த வேறொரு செவிலியர். உலகம் கைகொட்டிச் சிரித்தது. மூன்றாம் நாள், டிசம்பர் 7 அன்று, இணைப்பைக் கொடுத்த அந்தச் செவிலியர் பிணமாகக் கிடந்தார். 2014இல் நடந்த மரண விசாரணை, அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்று முடிவு கூறியது.

ஒரு மனிதர் ஏன் அந்த முடிவுக்குப் போகிறார் என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்லிவிட முடியாது. மனித மனம் ஆழங்காண முடியாத கடல். அந்த இரு அறிவிப்பாளர்களும் கொலை நினைவோடு பேசினர் என்று எவரும் கூறமாட்டார். அழைத்தவுடனேயே குட்டு வெளிப்பட்டு, தொடர்பு துண்டிக்கப்படும் என்றே அவர்கள் எதிர்பார்த்திருந்தார்களாம். அவர்கள் எதிர்பார்க்காதது நடந்தது: எதிர்முனையில் இருந்தவர் நம்பிவிட்டார்! நம்பிக்கை என்ற ஒன்று உலகில் இன்னும் இருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்தது அவர்கள் வேடிக்கை.

ஆனால் தோழர்களே, கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. அந்த உரையாடல் நேரலையில் வாய் தவறி வந்ததன்று. பதிவு செய்யப்பட்டது, நிலையத்தாரின் பார்வைக்குப் போயிற்று, சட்டம் அறிந்தோர் கேட்டுப் பார்த்தனர், அதன் பிறகே ஒலிபரப்பாயிற்று. மருத்துவமனையோடு பேசப் பலமுறை முயன்றோம் என்று பின்னர் நிலையத்தார் கூறினர். முயன்றார்கள், இசைவு கிடைக்கவில்லை, ஆயினும் ஒலிபரப்பினார்கள். பேசிய வாய்க்கும் ஒலித்த அலைக்கும் இடையே சிந்திக்க நேரம் இருந்தது. அந்த நேரத்தில் ஒருவராவது, "அந்தப் பெண்மணி நாளைக் காலையில் எந்த முகத்தோடு வேலைக்குப் போவார்?" என்று கேட்டிருந்தால் போதும். குற்றம் குறும்பிலா இருக்கிறது? குறும்பைச் சரக்காக்கி விற்ற நிறுவனத்தில் அல்லவா இருக்கிறது!

பின்னர் என்ன நடந்தது? உலகத்தின் சினம் முழுவதும் அந்த இரு இளைஞர்மீது பாய்ந்தது. கொலை மிரட்டல்கள் குவிந்தன. நேற்றுச் சிரித்த கூட்டம் இன்று கல்லெறியக் கிளம்பிற்று. அதுவும் ஒருவகை வேட்டைதான்! நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. விளம்பர ஆதாயத்திலிருந்து ஐந்து இலட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குக் குறையாமல் அளிப்போம் என்றது நிறுவனம். ஒலிபரப்பு ஆணையம், உரிம நிபந்தனை மீறப்பட்டது என்று கண்டது. அவ்வாறு கூற ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று நிலையம் வழக்காடியது. 2015 மார்ச்சில் ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் ஆணையத்துக்கு அந்த அதிகாரம் உண்டென்று தீர்ப்பளித்தது. விடியற்காலையில் தொலைபேசியை எடுத்த அந்தக் கைக்கு அந்தத் தீர்ப்பால் என்ன பயன்?

"எங்கோ இலண்டன், எங்கோ சிட்னி. சுண்ணாம்புக்குளத்துக்கு இதில் என்ன தொடர்பு?" என்று கேட்கலாம். சொல்கிறோம்.

ஏரியையும் கடலையும் நம்பி வாழும் மக்களுக்குக் குரலை நம்புவதே உயிர்க்காப்பு. புயல் வருமென்று வானொலி சொன்னால் படகை இழுத்துக் கட்ட வேண்டும். ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில், கடலுக்குப் போகாதீர் என்ற அறிவிப்பு வந்தால் நிற்க வேண்டும். கண்ணால் பார்த்துத்தான் நம்புவோம் என்று காத்திருந்தால், கண்ணுக்குத் தெரியும்போது அலை தலைக்குமேல் நிற்கும்.

தவறான குரல் ஒன்று என்ன செய்யும் என்பதைத் தமிழகக் கடற்கரை கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அடித்தது. நான்காம் நாள், டிசம்பர் 30 அன்று, மீண்டும் பேரலை வரக்கூடும் என்று மத்திய உள்துறை எச்சரிக்கை விடுத்தது. அமெரிக்கத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பை நம்பி விடுத்த எச்சரிக்கை அது. பிணங்களை இன்னும் அடக்கி முடியாத ஊர்களில் மக்கள் மீண்டும் ஓடினர். துயர் துடைக்கும் பணி நின்றது. அலை வரவில்லை. ஆதாரமற்ற எச்சரிக்கை என்று பிறகு அரசாங்கமே கூறிற்று. அது வேடிக்கையன்று, பிழை. நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழையே அத்தனை பேரை ஓட வைத்ததென்றால், வேண்டுமென்றே சொல்லும் பொய் என்ன செய்யாது?

2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் அமைந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவுக்கு அப்பால் கடலடியில் பெருநடுக்கம் நேர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, மக்கள் கரையை விட்டு விலகினர், பேரலை வரவில்லை, எச்சரிக்கை விலக்கப்பட்டது. ஏமாந்தோம் என்று எவரும் கருத வேண்டியதில்லை. காப்பதற்காக வந்த குரல் அது. இந்த நம்பிக்கையை ஓர் ஊர் பல ஆண்டுகளில் சிறுகச் சிறுகச் சேர்க்கிறது. வேடிக்கைக்காரர் அதை ஒரு நிமிடத்தில் செலவழித்துவிடுகிறார்.

"புலி வருது, புலி வருது" என்று கத்திய சிறுவனின் கதையை நாம் குழந்தைப் பருவத்திலேயே கேட்டோம். அந்தக் கதையில் பொய் சொன்னவன் ஆட்டைத்தான் புலி தின்றது. இந்தக் காலத்துக் கதையில் பொய் சொன்னவனுக்கு விளம்பரம் கிடைக்கிறது. புலி தின்பது கேட்டவன் ஆட்டை!

சிரிப்புக்கே தடை போடச் சொல்கிறோமா? இல்லை. சிரிக்கத் தெரியாத சமுதாயம் சிந்திக்கவும் தெரியாத சமுதாயம். மறைந்து நின்று உண்மையை வெளிக்கொணர்வது கூடவே கூடாது என்கிறோமா? அதுவும் இல்லை. 2001 மார்ச்சில் 'தெகல்கா' இதழார் ஆயுத வணிகர் வேடம் பூண்டு, ஆளுங்கட்சித் தலைவர் ஒருவர் பணம் வாங்குவதைப் படம் பிடித்துக் காட்டினர். அங்கே ஏமாற்றப்பட்டது அதிகாரம், பயனடைந்தவர் மக்கள். அதன் முறையைப் பற்றிக்கூட விவாதம் எழுந்தது, எழத்தான் வேண்டும். ஆனால் செவிலியரை ஏமாற்றியதில் எந்த ஊழல் வெளிப்பட்டது? கூலிக்காரரைக் கலங்க வைப்பதில் எந்த அநீதி அம்பலமாயிற்று? மேலே நோக்கி எய்தால் அது அங்கதம். கீழே நோக்கி எய்தால் அது கொடுமை.

சட்டம் இந்த வேறுபாட்டை அறியாததன்று. 'நக்கீரன்' ஆசிரியர் தொடுத்த வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம், இதழின் வெளியீட்டு உரிமையையும் காத்தது. குடிமகனுக்குத் தன்னைத் தனியே விடும்படி கேட்கும் உரிமை உண்டென்றும் சொன்னது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உறுதி செய்தனர். பிரிட்டனின் ஒலிபரப்பு விதிகள், ஏமாற்றப்பட்டவர் இன்னாரென்று தெரியுமானால் ஒலிபரப்புமுன் அவர் இசைவைப் பெறச் சொல்கின்றன. அமெரிக்காவில் ஒரு விந்தை! 2003இல் மியாமி வானொலிக்காரர் இருவர் கியூபாத் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவையே தொலைபேசியில் ஏமாற்றி ஒலிபரப்பினர். அமெரிக்க அரசு காஸ்ட்ரோவின் நண்பனா? ஆயினும், முன்னறிவிப்பின்றி ஒருவர் பேச்சை ஒலிபரப்பியது தவறென்று அந்நாட்டு ஆணையம் 2004இல் நாலாயிரம் டாலர் தண்டம் விதித்தது. பகைவனுக்கும் உண்டு பேச்சுரிமையின் கண்ணியம்!

நம் நாட்டில்? 2011இல் வகுத்த பண்பலைக் கொள்கை, தனியார் வானொலி தானே செய்தி தயாரித்து வாசிக்க இடம் தரவில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி எடுத்து ஒலிபரப்பலாம் என்றது. செய்தி சொல்வதற்கு வேலி. ஏழையை ஏய்த்துச் சிரிப்பதற்குத் திறந்த வெளி! 2022இல் கோவை மாநகரக் காவல்துறை, இத்தகைய காணொளி எடுப்போர்மீது நடவடிக்கை எடுப்போம் என்று எச்சரித்தது. வரவேற்கிறோம். ஆனால் காவலர் தடி விழுவது தெருவில் நிற்கும் இளைஞன்மீது. இலாபம் எண்ணும் நிறுவனம் அதற்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

அலைவரிசை மக்கள் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏரியும் அப்படித்தான். எவர், என்று, எந்த இடத்தில் வலை விரிப்பது என்று முறைவைத்துப் பகிரும் 'பாடு' வழக்கத்தைப் பழவேற்காட்டு மீனவர் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்திருக்கின்றனர். பொதுச் சொத்தில் அவரவர் விருப்பப்படி வலை வீச முடியாது என்பது படிப்பறியாத பாட்டனுக்கும் தெரிந்திருந்தது. உரிமம் பெற்ற நிறுவனத்துக்குத் தெரிய வேண்டாமா?

எனவே நாம் கேட்பவை சில. பதிவு செய்த பேச்சை ஒலிபரப்புமுன், ஏமாந்தவரிடம் ஒலிவாங்கியை நிறுத்திவிட்டு, அவர் நிதானமாக எண்ணிப் பார்த்தபின், எழுத்தில் இசைவு பெறுக. அவர் வேண்டாமென்றால் அழித்துவிடுக. மருத்துவமனை, காவல்துறை, தீயணைப்பு, வானிலை, கடலோரக் காவல் ஆகியவற்றின் பெயரில் எந்த வேடிக்கையும் கூடாது. மீறினால் தண்டம் நிறுவனத்துக்கு. பேசிய கூலியாள் மட்டும் பலியாடாகக் கூடாது.

நம் பங்கும் ஒன்று உண்டு, தோழர்களே. கேட்பார் இல்லாவிட்டால் விற்பார் இல்லை. அடுத்த முறை அத்தகைய நிகழ்ச்சி காதில் விழுந்து உதட்டோரம் சிரிப்பு அரும்பும்போது, எதிர்முனையில் இருப்பவர் உங்கள் தாயாக, தம்பியாக இருந்தால் சிரிப்பீர்களா என்று ஒரு கணம் எண்ணுங்கள். சிரிப்பு வராவிட்டால், அணைத்துவிடுங்கள்.

ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பது நம்மவர் பழமொழி. கேட்டு மகிழ்வோர்க்கு வெண்ணெய். நம்பி ஏமாந்தோர்க்குச் சுண்ணாம்பு. எரியும் கண்ணைக் கண்டும் வெண்ணெயைச் சுவைத்துக்கொண்டிருக்கலாகாது. நாளை விடியற்காலையில் ஏரிக்கரையில் ஒரு தொலைபேசி ஒலிக்கும். அந்தக் குரல் மெய்யாக இருக்கும். அதை நம்பும் மனம் அன்றும் அங்கே இருக்க வேண்டும்!