மேன்முறையீட்டுத் தவணையும் தமிழ்ப் பிரதியும்: எமது நிலைப்பாடு

இலங்கையில் குடும்ப நீதிமன்றமென்று தனியே ஒன்று இல்லாமையால், விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்திலும், மனைவி மக்களின் தாபரிப்பு நீதவான் நீதிமன்றத்திலும் விசாரிக்கப்படுகின்றன என்பதையும், அவற்றை எதிர்த்துச் செய்யும் மேன்முறையீடுகளும் வெவ்வேறு விதிகளுக்கே உட்பட்டவை என்பதையும், மாத்தளை மாவட்டத் தோட்டங்களில் பணியாற்றும் எமது அமைப்பு, தன்னை நாடி வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதலில் எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது.

தாபரிப்புக் கட்டளையை ஆட்சேபிப்பவர், மேல் நீதிமன்றத்தை விளித்து எழுதிய மனுவை, கட்டளையிட்ட அதே நீதவான் நீதிமன்றத்தில் 14 நாட்களுக்குள் கையளிக்க வேண்டும். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பாயின், 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலும் 60 நாட்களுக்குள் மனுவும் தேவை. அறிவித்தலுக்கான நாட்களில் ஞாயிறும் பொது விடுமுறையும் கழிக்கப்படுமாயினும், அந்த 60 நாட்களும் அறிவித்தல் கொடுத்த தினத்திலிருந்தன்றித் தீர்ப்பளித்த தினத்திலிருந்தே ஓடுகின்றன என்பதை அறியாமல் வழக்கை இழப்போர் மீது எமக்கு மிகுந்த அனுதாபம் உண்டு.

ஆயினும் இத்தவணைகளைத் தளர்த்துமாறு நாம் கேட்கவில்லை. மாதாந்தத் தாபரிப்பை நம்பிப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் தாய்க்கு, எதிரி எப்போது வேண்டுமானாலும் வழக்கைக் கிளறலாம் என்ற நிலை பெருந்துன்பமாகும். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், மேல் நீதிமன்றம் காரணங்களைப் பதிந்து வேறுவிதமாகப் பணித்தாலன்றி, மேன்முறையீட்டால் மட்டும் கட்டளை தடைப்படாதென்று விதித்திருக்க, "அப்பீல் போட்டுவிட்டேன்" என்று சொல்லிப் பணத்தை நிறுத்தும் கணவன்மாரின் செயல் சட்டத்துக்கு முற்றிலும் விரோதமானது.

நாம் வற்புறுத்துவது வேறு. இரத்தோட்டைப் பக்கத்து மலைத்தோட்டத்திலிருந்து ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, இழந்து, முதல் பஸ்ஸில் ஏறி வந்து, சிங்களத்தில் வாசிக்கப்பட்ட கட்டளையைப் பாதி விளங்கியும் விளங்காமலும் கேட்டுவிட்டு, அந்தக் கடதாசியை வங்கிப் புத்தகத்துக்குள் மடித்து வைத்து, வாசித்துச் சொல்ல ஒருவரைத் தேடும் பெண்ணுக்கு, 14 நாட்களில் எத்தனை நாட்கள் உண்மையில் எஞ்சுகின்றன? அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நீதிமன்ற மொழியை அறியாத தரப்பினருக்கு உரைபெயர்ப்பையும் வழக்கேட்டின் மொழிபெயர்ப்பையும் பெறும் உரிமையை அளித்திருப்பதால், கட்டளையின் சாரமும் மேன்முறையீட்டின் கடைசித் தேதியும், அவர் நீதிமன்றத்தை விட்டு வெளியேறுமுன்னரே தமிழில் எழுத்து மூலம் வழங்கப்பட வேண்டும். சலுகையாக அல்ல, கடமையாக. அவ்வாறே, குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 759(2)ஆம் பிரிவு, எதிர்த்தரப்புக்குப் பாதகம் விளையாதவிடத்து மன்னிக்க இடமளிக்கும் சிறு பிழைகளுக்காக, ஏழைகளின் மனுக்கள் தள்ளப்படலாகாது.

வழக்காடும் சகோதர சகோதரிகளே, கட்டளை கிடைத்த அன்றே பதிவாளரிடம் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையென்று வீட்டிலிருந்துவிடாமல், மறுநாளே சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.