செங்காந்தள் சொல்லும் அளவு

தீபத் திருநாளையொட்டி வேலியில் பூப்பதால் செங்காந்தளுக்குக் கார்த்திகைப்பூ என்றும் பெயர். அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக அலையலையாய் நெளியும் இதழ். திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் நின்று பார்த்தால் மலைத்தீபத்தின் சுடர்தான் நினைவுக்கு வரும். நம் மாநில மலரும் இதுவே. இதன் விதையிலிருந்து பிரித்தெடுக்கும் கோல்சிசின், யூரிக் அமிலத்தால் வீங்கும் மூட்டுவலியைத் தணிக்கிறது; இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு அபாயத்தைக் குறைக்க 0.5 மில்லிகிராம் மாத்திரையாக 2023-இல் அமெரிக்காவும் அனுமதித்தது. அதே செடியின் கிழங்கைத் தின்றால் உயிர் போகும். மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

பாட்டன் காலத்து மருந்துக்கு ஆய்வுக்கூடம் எதற்கு என்பார்கள். சித்த மருத்துவமே இக்கிழங்கைச் சுத்தி செய்யாமல் தொடுவதில்லை. அளவு பார்ப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கமல்ல. மூலிகைப் பொடிப் பொட்டலத்தில் விலையோடு வேதிப்பொருளின் அளவையும் அச்சிடச் சொல்வதில் என்ன தவறு?